ஒன்பதாவது பில்

ஒர்தென்சியா வென்சுமில் தினமும் காலை எட்டேகாலுக்கு
ஒரு கேள்விக்குறி அனுப்புவாள்.
வணக்கம் கிடையாது.
நான் ஒரு எண்ணை அனுப்புவேன்.
எங்கள் கடிதப் போக்குவரத்து முழுக்க அவ்வளவுதான்.

சிலி நாட்டின் குரிக்கோவில், தண்டவாளத்துக்கு அப்பால்,
பைன் பலகையில் செர்ரிப் பெட்டி அடிக்கிறாள்.
பதினொரு ஆட்கள், இரண்டு ரம்பம்.
பெட்டி போய் இறங்கிய அன்று பில் பிறக்கும்,
பணம் பிறக்க அறுபது நாள்.
நடுவில் பசிக்கும் அல்லவா,
அந்த நடுவில்தான் எங்கள் அலுவலகம்:
ஒரு மாடிப்படி, முனகும் மின்விசிறி, நான்.
நூறுக்கு எண்பத்தைந்து இன்றே.
மிச்சம் பதினைந்து, வாங்கியவன் கட்டிய பிறகு,
எங்கள் கூலியைக் கிள்ளிக்கொண்டு.

டிசம்பர் முதல் வாரம் அவளே படியேறி வந்தாள்.
தலைமுடியில் மரத்தூள். கையில் ஒன்பதாவது பில்.
எண் அனுப்பியிருந்தேன்: பூஜ்யம்.

"நிறைய விற்றது குற்றமா?"

குற்றமில்லை, சென்யோரா.
உங்கள் பெயருக்கு ஏழு கோடி பெசோ வரை தரலாம்.
மூன்று கோடி சும்மா கிடக்கிறது.
ஆனால் எல்லா பில்லும் ஒரே வாசலில் போய் நிற்கின்றன.
அந்த ஏற்றுமதிக்காரருக்கு நாங்கள் கட்டிய வரம்பு
நான்கு கோடி.
ஐம்பது லட்சம் வீதம் எட்டு பில்.
எட்டாவதோடு தளும்பிவிட்டது.

"அவன் வயலின் வரம்பில் நான் ஏன் நிற்கவேண்டும்?"

வாங்குவது நீங்கள், திருப்புவது அவர்.
எங்கள் நம்பிக்கை உங்கள் சுத்தியல் மேல் அல்ல,
அவர் கையெழுத்தின் மேல்.
சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தேன்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
பில்லின் முதுகில் எட்டு என்று எழுதினாள்,
பக்கத்தில் ஒரு கோடு,
கோட்டுக்கு அப்பால் ஒன்பது.
மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கும் ஒரு வரம்பு உண்டு என்று அவளிடம் சொல்லவில்லை.
முப்பது லட்சம் வரை என் பேனா.
அதற்கு மேல் சந்தியாகோவில், பதினாறாம் மாடியில்,
பெட்டியையே பார்த்திராத ஒருவரின் பேனா.

ஜனவரியில் ஒரு கப்பல் நடுக்கடலில் எஞ்சின் நின்று போனது.
உள்ளே செர்ரி. பாதி அவருடையது.
பதினாறாம் மாடி ஒரே வரியில் எழுதியது:
நான்கை இரண்டரையாக்கு.

பிறகு அவர் கட்டத்தான் செய்தார்.
முதல் பில்லுக்குப் பணம் வந்தது. இரண்டாவதுக்கு. மூன்றாவதுக்கு.
ஒன்றரைக் கோடி உள்ளே வந்தும்
ஒரு பெசோவுக்கும் இடம் பிறக்கவில்லை.
நிலுவை இரண்டரை, வரம்பும் இரண்டரை.
கேள்விக்குறி.
பூஜ்யம்.
கேள்விக்குறி.
பூஜ்யம்.
ஒரு ரம்பத்தை விற்றுவிட்டாள் என்று
லாரி ஓட்டும் நிபால்தோ சொன்னான்.

பிப்ரவரி ஆறு, நாலாவது பில்லுக்குப் பணம்.
எட்டேகாலுக்குக் காத்திருக்காமல்
நானே முதலில் அனுப்பினேன்: ஐம்பது லட்சம்.
இரண்டு மாதமாக என் மேஜையில் கிடந்த ஒன்பதாவதைத்
திருப்பிப் போட்டு முத்திரை குத்தினேன்.
பென்சில் கோடு மறுபக்கம் போனது,
அழியவில்லை.

மறுநாள் காலை பதில் வந்தது. கேள்விக்குறி இல்லை.
"தேன் கூட்டுறவுக்கு முந்நூறு பெட்டி.
அவர்களுக்கு எவ்வளவு கட்டுவாய்?"

முப்பதுக்குள் என்றால்
நானே கட்டலாம்.