விலக்குகள்

ஒமாஹாவில் இருபத்தாறு வருடம்
இழப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களை
நிராகரிப்பது என் வேலை.
"வருந்துகிறோம்" என்று தொடங்கும் கடிதம்.
அந்த வருத்தத்தைத் தட்டச்சு செய்தது
ஒரே ஒரு முறைதான்.
பிறகு எல்லாம் நகல்.

அதனால் அந்தப் பையன்
காகிதக் கட்டைத் திருப்பி
எங்கள் பக்கம் நகர்த்தியபோது
நான் மூக்குக்கண்ணாடியை எடுத்தேன்.
ஓரின் பேனாவை எடுத்தான்.

பதினான்கு வருடப் பழைய மோட்டார்ஹோம்.
முப்பத்திரண்டு அடி. எழுபத்தோராயிரம் மைல்.
முன்பு வைத்திருந்தவர் யாரோ
அலமாரிக் கதவின் உட்புறம்
பென்சிலால் எழுதியிருந்தார்:
"அறைந்து சாத்தாதே. டோரிஸ், உன்னைத்தான்."
உண்மையைச் சொன்னால்
அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன்.

யானையை வாங்கியாயிற்று.
அங்குசத்துக்குத் தனி விலையாம்:
நான்கு வருட உத்தரவாதம்,
ஆறாயிரத்து எண்ணூறு டாலர்.
"நாள் கணக்கில் பார்த்தால் ஒரு காபிக் காசு"
என்றான் பையன். சட்டையில் பெயர்: கோல்ட்டன்.
எங்கே குடிக்கிறானோ அந்தக் காபியை.

இஞ்சின் உண்டு.
இஞ்சினுக்குள் இருக்கும் ரப்பர் இல்லை.
கூரை உண்டு.
கூரை வழியே இறங்கும் தண்ணீர் இல்லை.
தேய்மானத்தால் வரும் பழுது இல்லவே இல்லை.
தேயாமல் எது பழுதாகும், தம்பி?
வாய்வரை வந்தது. கேட்கவில்லை.
கியர்னியில் ஒரு பன்றிப் பண்ணைக்காரர்
இதே கேள்வியை எனக்கு எழுதியிருந்தார்,
கோடு போட்ட தாளில், மூன்று பக்கம்.
நான் நகல் அனுப்பினேன்.

ஓரின் ஒரு வரியும் படிக்கவில்லை.
மேசைக்கடியில் அவன் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.
ஆளில்லாத நெடுஞ்சாலை, நள்ளிரவு,
மூடியைத் திறந்தால் புகை:
வண்டி வாங்கும் முன்பே
அவன் அங்கே போய் நின்றுவிட்டான்.
அவனுக்குத் தேவை இஞ்சினுக்கு உத்தரவாதம் இல்லை,
தூக்கத்துக்கு.

"வேண்டாம்" என்றேன்.
கோல்ட்டன் மேலாளரை அழைத்து வந்தான்.
மேலாளர் "ஐயாயிரம்" என்றார்.
உலுக்குவதற்கு முன்பே
ஆயிரத்து எண்ணூறு உதிர்க்கும் மரத்தை
நான் நம்புவதில்லை.

அன்று மாலையே வங்கிக்குப் போய்
அந்த ஆறாயிரத்து எண்ணூறையும்
தனிக் கணக்கில் போட்டேன்.
கணக்குக்கு ஒரு பெயர் வைக்கலாம் என்றாள் அங்கிருந்த பெண்.
டோரிஸ் என்று வைத்தேன்.

ஒன்பதாவது வாரம், வயோமிங்.
ராலின்ஸ் தாண்டி, காற்று வண்டியைத் தூக்கிப் பார்க்கிற இடம்.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு
நின்றுபோனது.
மர்லிஸ் என்ற மெக்கானிக்
எண்ணெய்க் கையால் உள்ளே துழாவி
தீப்பெட்டி அளவு மின்பலகையை எடுத்துக் காட்டினாள்.
ஒரு மூலை கருகியிருந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
டோரிஸ் கொடுத்தாள்.

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு
ஓரின் கேட்டான், கூரையைப் பார்த்தபடி:
"அந்தத் திட்டத்தில் இது இருந்திருக்குமா?"

பக்கம் நான்கு, மூன்றாவது வரி.
ஜெனரேட்டரும் அதன் மின்பலகையும். உண்டு.
இந்த மாதிரி வரிகளை
நான் மறப்பதில்லை.

"இல்லை" என்றேன்.
"விலக்குப் பட்டியலில் இருந்தது."

நம்பினான்.
இரண்டு நிமிடத்தில் குறட்டை.
கணக்குப்படி இன்னும் நான்தான் சரி,
நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம் இருக்கிறது.
ஆனாலும்
இத்தனை வருடத்தில்
பொய்க் காரணம் சொல்லி நான் மறுத்தது
இந்த ஒரு விண்ணப்பத்தைத்தான்.
வருந்துகிறோம் என்று சொல்லலாமா என்றால்
பன்மைக்குத் துணையாக
அங்கே விழித்திருப்பவர் யாருமில்லை.

தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
தம்ளரை எடுத்துக்கொண்டு
அலமாரிக் கதவை
அறையாமல்
சாத்தினேன்.