இரண்டு விலை

எட்டு நிமிடத்தில் எண்பது கணக்கு.
பதினேழு தர முப்பத்தெட்டு
அறுநூற்று நாற்பத்தாறு, அடுத்தது,
அடுத்ததில் பரமேஸ்வராச் சந்தியில் ஓட்டோ ஒன்று
ஹோர்ன் அடித்துத் திரும்ப
பிழைத்துவிட்டது.
அறுபத்தொன்பது. நேற்று எழுபத்திரண்டு.
பிழைக்கு ஒரு புள்ளி கழிப்பாங்கள்,
தெரியாததைத் தொடாதை என்கிறான் சாருகேசன்.
தொடாமல் விட்டதிலேயே
என் முதலாம் வருடம் முழுக்கப் போனது.

இரவில் அறைக்குள் விளையாட்டு.
"கரண்ட் எத்தினை மணிக்கு வரும்? விலை சொல்லு."
இரண்டு விலை சொல்ல வேண்டும்:
வாங்க ஒன்று, விற்க ஒன்று,
இடைவெளிதான் வயிற்றுப்பாடு.
"ஏழு இருபது, எட்டு" என்றேன்.
எட்டுக்கு வாங்கினன் என்றாள் மிதுசா,
மூச்சு விட முதல்.
எட்டரைக்குத்தான் வந்தது.
அவளுடைய மாமா மின்சார சபையில் என்று
பிறகுதான் தெரியும்.
கொப்பியில் எழுதி வைத்தேன்:
யோசிக்காமல் வாங்குகிறவள்
யோசித்து முடித்தவள்.

மடிக்கணினிக்காக அம்மா
கஸ்தூரியார் வீதியில் சங்கிலியை அடைவு வைத்தா.
பவுன் ஏறினால் கடைக்காரர் பேசாமல் இருப்பார்.
இறங்கினால் போன் வரும்:
"மேலதிகமாய் ஏதும் வையுங்கோ, பிள்ளை."
அதற்கு மாஜின் கோல் என்று பெயராம்.
மூன்றாம் வருடத்தில், ஒரு பீடிஎஃப்பின்
நாற்பதாம் பக்கத்தில் படித்தேன்.
அம்மாவிடம் சொல்லவில்லை.
அவ அந்தப் பாடத்தை
ஒரு சோடி காப்புக் கொடுத்துப் படித்து முடித்திருந்தா.

ஆய்வுக்கு எடுத்தது ரூபாய், டொலர், பத்து வருடம்.
"இருபத்திரண்டு மார்ச்சைத் தூக்கிவிடுங்கோ,
அது விலகின புள்ளி,
கோடு வடிவாய் வரும்" என்றார் சேர்.
தூக்கினேன். உண்மையாகவே வடிவு.
வருடத்துக்கு முப்பத்தொரு வீத இலாபம்.
நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த மார்ச்சில்
எனக்கு ஏ.எல். முடிந்த கிழமை.
கொக்குவிலில் மண்ணெண்ணைக்கு
மனிசருக்குப் பதில் கான்கள் நின்றன,
கழுத்தில் கயிறு கட்டி, ஒன்றோடொன்று.
எங்கள் கானில் என் கையெழுத்து.
மழை பெய்து அப்பாவின் பெயரில்
முதல் எழுத்து மட்டும் மிஞ்சியது.
இரண்டு இரவு அந்த எழுத்துக்குக் காவல் இருந்தேன்.

மார்ச்சைத் திரும்பப் போட்டேன்.
இலாபம் கழன்று விழுந்தது.
மைனஸ் நாலு.
சேர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்தார்.

நேர்முகம் சிங்கப்பூரில் இருந்து, காலை ஏழரை.
ஜன்னல் கம்பியில் போனைக் கட்டினால்தான் சிக்னல்.
தாயக்கட்டை கேட்டான், சொன்னேன்.
நாணயம் கேட்டான், சொன்னேன்.
பிறகு என் விலாசத்தைப் பார்த்துச் சிரித்து,
"உங்கட குடாநாட்டில எத்தினை கிணறு? விலை சொல்லு"
என்ற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டான்.
எண்பதாயிரம், ஒரு லட்சத்து இருபது.
எண்பதுக்கு விற்றேன் என்றான்.
எங்கள் வளவில் ஒன்று.
பின் ஒழுங்கையில் நாலு வீட்டுக்குப் பங்குக் கிணறு.
தோட்டத்துக்கு இறைக்கிற கிணறுகள்,
கோயில் கிணறு, பள்ளிக்கூடத்துக் கிணறு,
ஆளில்லாத வீடுகளில்
பற்றைக்குள் வாய் திறந்து கிடப்பவை.
விலையை அசைக்கவில்லை.
திரும்ப விற்றான். அசைக்கவில்லை.
"எதிராளி விற்றால் அது தகவல்,
தகவல் வந்தால் அசைய வேண்டும்."
நான் சொன்னேன்:
"நீங்கள் விற்பது தகவல் இல்லை.
நீங்கள் எங்கள் கிணறுகளைக் கண்டதில்லை."
திரையில் அவன் முகம் அப்படியே நின்றது.
யோசித்தானா, இணைப்புத் தொங்கியதா,
இன்றைக்கும் தெரியாது.

பதினொரு நாள். மெயில் இல்லை.
"கிடைக்குமோ? விலை சொல்லு" என்கிறாள் மிதுசா.
நூற்றுக்குப் பதினெட்டு, இருபத்தாறு.
"இருபத்தாறுக்கு வாங்கினன்"
மூச்சு விட முதல்,
மிக்சர் பக்கெட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டு.

சிங்கப்பூரில் அவளுக்கு
மாமா ஒருவரும் இல்லை.
கேட்டுப் பார்த்துவிட்டேன்.