கனத்த தந்தி

எட்டு மணி நேரம் ஆபீஸில் கணினியைப் பார்த்தாயிற்று.
அடுத்தவர் வீட்டு உறைந்த குழாய், வெடித்த குழாய்,
கார் மேல் விழுந்த எல்ம் மரக் கிளை.
அவர்களின் நஷ்டத்தில் எனக்குச் சம்பளம்.
இரவிலும் அதன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றுதான்
டிரான்ஸ்கோனாவில் ஓரெஸ்ட் என்பவரிடம்
இந்தப் பழைய சிந்தசைசரை வாங்கினேன்.
நூற்றெண்பது டாலர். ஒரு குமிழ் இல்லை.
அது எதற்கான குமிழ் என்று கேட்டேன்.
தெரிந்திருந்தால் தொலைத்திருப்பேனா என்றார்.

கிட்டாரின் பிரிட்ஜை ஒட்டி
தந்திக்கு ஒன்றாக ஆறு காது வைத்த பட்டை.
அங்கிருந்து ஒரு தடித்த கேபிள் டப்பாவுக்கு,
டப்பாவிலிருந்து ஐந்து ஊசி மிடி வயர் சிந்தசைசருக்கு.
அவ்வளவுதான். நடுவே யாருமில்லை.
இப்போதே அப்டேட் செய்யவா, பிறகா என்று
தோளைச் சுரண்ட யாருமில்லை.

அவ்வளவுதான் என்றது பொய்.
மூன்று இரவு மூச்சே வரவில்லை.
நான்காம் இரவு வந்தது:
நான் அரைச் சுரம் வளைத்தால்
அது மூன்று சுரம் வழுக்கிப் போய் விழுந்தது,
விமானம் இறங்கிய மறுநாள்
போர்ட்டேஜ் அவென்யூவில் நான் விழுந்ததுபோல.
இங்கே இரண்டு என்று வைத்ததை
அங்கே பன்னிரண்டு என்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.
இரண்டு பக்கமும் பேசி
பன்னிரண்டில் முடித்தேன்.

தந்தி ஆறு. சிந்தசைசருக்குக் குரல் நான்கு.
ஐந்தாவது சுரம் ஏறினால்
முதலில் ஏறியது
சத்தமில்லாமல் இறங்கிக்கொள்ளும்.

கனத்த தந்திதான் தாமதம்.
ஒரு முழுச் சுற்று அதிர்ந்து காட்டினால்தான்
அது யாரென்று டப்பாவுக்கு விளங்கும்.
மெல்லியது சட்டென்று சொல்லிவிடுகிறது.
சௌந்தரநாயகி என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
காப்பிக் கடைப் பையன்
கோப்பையில் சாண்டி என்று எழுதிவிடுகிறான்.
டப்பா அப்படியில்லை, முழுக்கக் கேட்கிறது.
தாளத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்று
அது வரும்வரை காத்திருக்கப் பழகினேன்.

மேல்வீட்டு மரிசெல்லுக்கு அது ஃபர்னஸ் கோளாறு.
தரையடியில் ஏதோ உறுமுகிறது என்று
செயின்ட் போனிஃபேஸிலிருந்து பாஸ்கலை வரவழைத்தாள்.
அவர் கழற்றி, தட்டி, மாட்டி,
தொண்ணூற்றைந்து டாலர் வாங்கிக்கொண்டு போனார்.
இரண்டாம் முறை வந்தபோது ஒப்புக்கொண்டேன்.
ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு
ஃபர்னஸைவிட ஒழுங்காக ஓடுகிறதே என்றார்.
அன்றிலிருந்து ஹெட்ஃபோன்.

ஜனவரி. மைனஸ் முப்பத்தாறு.
ஆர்கன் சத்தத்துக்கு வளைவு எதற்கு என்று
அணைத்து வைத்திருந்தேன்.
விரல் மரத்தது. ஸ்வெட்டர் போட்டேன், இன்னொன்று போட்டேன்.
குளிரில் தந்திகள் இறுகிச் சுருதி ஏறியிருக்கின்றன,
டப்பா காட்டிக்கொடுக்கவே இல்லை.
பிசகியதையெல்லாம் பக்கத்துச் சுரத்தில் உட்காரவைத்து
மரியாதையாக அனுப்பிக்கொண்டிருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.
வெறும் தந்தி அபசுரம்.
அதற்குப் பின்னால் வீடு,
அவ்வளவு அமைதியாக நான் கேட்டதே இல்லை.

போர்வையோடு மரிசெல் இறங்கி வந்தாள்.
உறுமல் நின்றதும்
நீ இன்று சீக்கிரம் தூங்கிவிட்டாய் என்று
சந்தோஷப்பட்டாளாம்.
பாஸ்கல் வர இரண்டு மணி நேரம் ஆகும்.
கெட்டில் போட்டோம். இரண்டாம் முறையும் போட்டோம்.
பிறகு அவளே கேட்டாள்,
அந்தக் கனத்ததை வாசி, சத்தமாக,
ஏதோ ஒன்று ஓடுகிற மாதிரியாவது இருக்கட்டும்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டு மீட்டினேன்.
எப்போதும்போல ஒரு சுற்று யோசித்துவிட்டு
வந்தது.
தகரக் குழாய் வழியே
இரண்டு வீட்டுக்கும் ஏறியது.

காற்றுத் துவாரத்தின் மேல்
மரிசெல் கையை வைத்துப் பார்த்தாள்.