குருத்து வெளுத்தது

கெலமங்கலம் தாண்டிக் குத்தகைக்கு முக்கால் ஏக்கர்.
கோஸ் நட்டு முப்பது நாள்.
அடியிலை பச்சையாகத்தான் இருக்கிறது,
குருத்துதான் வெளுக்கிறது.

யூரியா போடு என்றார் உரக்கடைக்காரர்.
போட்டேன்.
அடியிலை கறுத்துக் கொழுத்தது,
குருத்து இன்னும் வெளுத்தது.

மண் பரிசோதனை வேன் சந்தைப்பக்கம் வந்த அன்று
செடியொன்றை வேரோடு கொண்டுபோனேன்.
சுகுணகுமாரி என்று சட்டைப்பையில் அட்டை.
வேலைக்கு வந்தே ஆறு மாதம்தானாம்.
இலையை வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

"தழைச்சத்துப் பஞ்சம்னா கிழட்டிலை முதல்ல பழுக்கும்ணா,
இருக்கிறதைக் குருத்துக்குக் குடுத்துட்டு.
இது கந்தகம்.
போய்ச் சேர்ந்த இலையிலேயே பூட்டிக்கும்.
மேல அனுப்பக் கீழிலைக்கு மனசு வராது."

மனசா, என்றேன்.
சும்மா ஒரு பேச்சுக்கு, என்றாள்.

அப்பாவின் நாலு ஏக்கர் பட்டா
இன்னும் அப்பா பேரில்தான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

பசித்தால் வேர் கதவுமேல் கதவாக வைக்குமாம்,
வயிறு நிறைந்தால் ஒவ்வொன்றாய் எடுத்துவிடுமாம்.
அன்றிரவு மோட்டார் போட்டுவிட்டு
வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.
மண்ணுக்குள் அத்தனை கதவும் திறந்து கிடக்க,
வாசலில் ஒருவரும் இல்லை.

மூன்று மூட்டை ஜிப்சம்.
துண்டெல்லாம் வெள்ளை, இமையெல்லாம் வெள்ளை.
பத்தாம் நாள் வந்த புது இலை
கிளிப்பச்சை.

கிள்ளி மென்றேன்.
முன்பு வெறும் தண்ணீராய் இருந்தது,
இப்போது மூக்கில் ஏறுகிறது.
பஞ்ச காலத்தில் செடி
காரத்தில்தான் கைவைத்திருக்கிறது.
வீட்டில் நாங்கள் முதலில் நிறுத்துவது கறி.

காரம் வந்தால் பூச்சி வராது என்று
எனக்கு ஒரு கணக்கு.
செடிக்கும் இருந்திருக்கும்.
வைரமுதுகு அந்து அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே
நேராக வந்து முட்டை வைத்தது.
எல்லோரையும் விரட்டும் நெடி
அதற்கு மட்டும் விலாசம்.

மருந்தடித்துத் தப்பித்தது முக்கால்வாசி.
தலை ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ.
மண்டியில் கிலோ இரண்டு ரூபாய்.
வெட்டுகூலி மூன்று.

வெட்டவில்லை.

நாற்பது நாளாய்ப் பிளந்து அழுகுகிறது.
ராத்திரி ஷிப்டுக்கு ஓசூர் போகும் பஸ்
என் வயலைத் தாண்டும்போது
அடடா, சாக்கடையா, என்று
ஒவ்வொருவராய் ஜன்னலை இறக்குகிறார்கள்.
கண்டக்டர் மஞ்சுநாத் கர்சீப்பை எடுக்கிறார்.

நான் மட்டும் இறக்கவில்லை.
என் மூன்று மூட்டை ஜிப்சம்
காற்றில் போய்க்கொண்டிருக்கிறது.