ஆறு இறாத்தல் காற்று

பார்ட்டன் தெருக் கராஜில் கதவு முக்கால் திறந்திருந்தது.
ஹீட்டர் ஒரு காலை மட்டும் சுட்டது.
அறுபத்து மூன்றாம் ஆண்டு ஸ்டூடபேக்கர்,
இதே ஹமில்டனில், நடந்துபோகிற தூரத்தில்
பூட்டி இறக்கிய கார்.
சூப்பர்சார்ஜர் பிறகு யாரோ வைத்தது.
யாரோ அதைப் பாதியில் கைவிட்டும் இருந்தார்கள்.

நவேந்திரன் லைற் பிடித்தான். நான் ஸ்பானர் பிடித்தேன்.
இரும்பாலை அவனை வீட்டுக்கு அனுப்பிய
நவம்பரிலிருந்து இதுதான் ஒழுங்கு.

காபரேற்றரை இருத்தி
நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காய் இறுக்கினேன்.
அரைத் திருப்பு. எதிர் மூலை. அரைத் திருப்பு.
"ஒரேயடியா இறுக்கினா தட்டு வளைஞ்சிடும்" என்றேன்.
"தெரியும்" என்றான்,
இருபத்திரண்டு வருடம் உருக்குத் தகட்டோடு நின்றவன்.

மேலே அலுமினியத் தொப்பி. அதற்குள் காற்று வந்து அடையும்.
தொப்பியிலிருந்து பம்புக்கு ஒரு மெல்லிய குழாய்:
காற்று எவ்வளவு தள்ளுகிறதோ
அதற்கு மேலே பெற்றோலும் தள்ளவேண்டும்,
இல்லையென்றால் எஞ்சின் பட்டினி.

கலவைத் திருகுகளை விரல்நுனியால் உள்ளே விட்டு
தொட்டதும் நிறுத்தி
ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன்.
வாக்குவம் முள் பதினேழில் நடுங்கியது.
இடது திருகில் கால் சுற்று.
வலதில் அதிலும் பாதி.
பதினெட்டு. முள் நின்றது.
மூடி போட்ட உலை மாதிரி
எஞ்சின் ஒரே சீராய்க் கொதித்தது.
நிற்கிற காரில் யாருக்கும் குறை சொல்ல வராது.

சனிக்கிழமை மலைக்குப் போனோம்.
மலை என்று இந்த ஊர் சொல்வது ஒரு மேடு,
நூறு மீட்டர் வருமோ என்னவோ.
ஜோலி கட் ஏற்றத்தில் அவன் மிதித்தான்.
இரண்டு. நாலு.
முன்னால் எங்கேயோ விசில் எழும்பிக் கூர்மையானது.
ஆறு.
அவன் பல் தெரியச் சிரித்தான்.
நான் மறந்தே போயிருந்தேன், மேல்வரிசையில் ஒரு பல் கோணல்.

பிறகு ஒரு இருமல்.
கண்ணாடி நிறையக் கரும்புகை,
மடியில் ஊற்றியதுபோல் பெற்றோல் மணம்,
செத்துவிட்டது.
பின்னால் வந்த பஸ்சின் சாரதி இறங்கி வந்து
தள்ளவா என்று கேட்டாள்.
"நான்தான் மிதிச்சுக் கெடுத்துப்போட்டன்" என்றான்,
அவளுக்குத் தமிழிலேயே.
இழுவை லொறிக்குத் தொண்ணூறு டொலர்.
வழி முழுக்க அதையே இன்னும் மூன்று தரம் சொன்னான்.

இரவு மூடியைக் கழற்றினேன்.
பித்தளை மிதவை
நடுவில் ஒடுங்கிக் கிடந்தது,
கால்பட்ட பால்மா டின்போல.
அதை யாரும் தொடவில்லை.
உள்ளே இருந்தது
எந்தக் காலத்திலோ ஈயம் வைத்து அடைத்த காற்று.
வெளியே புதிதாய் ஆறு இறாத்தல்.
நசுங்கியது மிதக்கவில்லை. மிதக்காததால் ஊசி மூடவில்லை.
பெற்றோல் பாட்டுக்கு வந்துகொண்டேயிருந்தது.

அவன் அதை உள்ளங்கையில் வைத்து
நெடுநேரம் நிறை பார்த்தான்.
"அப்ப, மிதிச்சதால இல்ல."
"இல்ல. மிதிக்கத்தானே பூட்டினது."
அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.
அவன் போய்த் தேத்தண்ணி வைத்தான்.

புது மிதவை வியாழன் வந்தது.
கறுப்பு, கெட்டி,
தொதலில் வெட்டின துண்டு மாதிரி ஒரு சாமான்.
நசுங்குவதற்கு உள்ளே இடமேயில்லை.
உயரம் அளக்க ட்ரில் பிற்றின் காம்பைக் கொடுத்தேன்.
இம்முறை அவனே குனிந்தான்.
மூன்று தரம் நிமிர்த்தினான், இரண்டு தரம் வளைத்தான்,
காம்பு உரசியும் உரசாமலும் போகும்வரை.

ஞாயிறு விடிய, பஸ் ஓடத் தொடங்குமுன் ஏறினோம்.
ஆறு. ஆறிலேயே உச்சிவரை.
வேலியோரம் நிறுத்திவிட்டு
சூட்டோடு சூட்டாய் பிளக்குகளைக் கழற்றி
பொனற் விளிம்பில் வரிசையாய் அடுக்கினான்.
கீழே ஏரியும் புகைபோக்கிகளும் இருந்தன.
அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
ஏழு பிளக் பால்தேத்தண்ணி நிறம்.
ஒன்று இன்னும் கறுப்பு.
அதைத் துடைக்காமலே திருப்பிப் பூட்டினான்.
ஏன் என்றேன்.
"இருக்கட்டும். இறங்கிப்போய் இன்னொருக்கா ஏறிப் பாப்பம்."