ஆறு கிலோஹெர்ட்ஸ் அகலம்

பேசுவதற்கென்று செய்த பெட்டி இது.
கேட்பது இதற்கு உபதொழில்.
முகப்பில் முப்பத்தேழு பொத்தான்கள்.
ஒலிபெருக்கியோ ஒரு மசால்வடை அளவு,
மூடிக்கு அடியில் மல்லாந்து கிடந்து
மின்விசிறிக்குச் செய்தி சொல்லும்.

சொஹாரில் அக்டோபர்.
ஏ.சி.யை அணைத்தால் பத்து நிமிடம் தாங்கலாம்.
அந்தப் பத்து நிமிடத்தில்தான்
நாற்பத்தொரு மீட்டரில் அவன் வருவான்.
பெயர் தெரியாது, என்ன மொழி என்றும் தெரியாது.
ஒன்பது நாற்பதுக்கு ஒரு மணியோசை,
பிறகு தகரத்துக்குள் உட்கார்ந்து
தகரத்தைச் சுரண்டுகிறவனைப்போல ஒரு குரல்.

முதல் வாரம் வால்யூமைக் கூட்டினேன்.
இரைச்சலுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் ஆர்.எஃப். கெயினை இறக்கினேன்.
அருவிக்கு நேர் கீழே குடம் நிறையாது,
கொஞ்சம் ஓரமாய்ப் பிடிக்கவேண்டும்.

ஊரைக் காலிசெய்த லெபனான் குடும்பத்திடம்
நாலு ரியாலுக்கு ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கர்.
ஒன்றுதான். அதன் ஜோடியைப் பற்றி
நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.
பின்புறத் துளையில் செருகியதும்
'ம்ம்ம்' என்று முனகத் தொடங்கியது.
மருத்துவமனைக் கழிவு அலமாரியிலிருந்து
கட்டைவிரல் பருமனில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்
(கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தேன்)
நடுவில் வைத்தேன். முனகல் நின்றது.

நடுவானில் அவனுடைய கேரியர் கரையும் இரவுகளில்
ஒற்றைப் பக்கப்பட்டைக்கு மாறுவேன்.
விசில் இறங்கி, இன்னும் இறங்கி,
பூஜ்யத்தில் மறையும் இடத்தில் கையை எடுத்துவிட்டால்
வழியில் தொலைத்ததை என் பெட்டி அவனுக்குக் கடன் தரும்.

ஆனாலும் ஒரு கரகரப்பு,
கூரைக் கம்பியைக் கழற்றினால் போய்விடும்,
மாட்டினால் வந்துவிடும்.
கையடக்க ரேடியோவை ஸ்டெத்தாக ஏந்திப்
படியேறினேன். மாடிக்கு மாடி நோய் முற்றியது.
நாலாம் மாடி, கடைசிக் கதவு.
முஅதஸ், கஸலாக்காரர், பள்ளியில் கணக்கு நடத்துகிறார்.
பின்னால் மீன்தொட்டியின் நீல விளக்கு.
அதன் வயரை ஃபெரைட் வளையத்தில்
ஏழு சுற்றுச் சுற்றும்வரை
கர்கதே கோப்பையோடு பக்கத்தில் நின்றார்.
"அந்த ஆள் என்ன சொல்கிறான், ஜெசிந்தா?"
"தெரியாது."
"தெரியாமலா நாலு மாடி ஏறினாய்?"
நான்கு மீன்களும் என்னைப் பார்த்தன,
அல்லது கண்ணாடியை.

பகலில் எனக்கு ஈ.சி.ஜி. இயந்திரங்கள்.
நாற்பது ஹெர்ட்ஸில் வடிகட்டினால்
கோடு அழகாக வரும், கோலம்போல.
இதய மருத்துவர் அதை மேசையில் திருப்பிப் போடுவார்.
"எனக்கு நூற்றைம்பது வேண்டும்.
நடுக்கமும் வரட்டும். அழகாயிருந்து செத்தவர்கள் உண்டு."

அன்றிரவு ஏ.எம்.மில், மூன்றில் இருந்த வடிகட்டியை
ஆறுக்குத் திறந்தேன்.

வளைகுடா முழுதும் உள்ளே வந்தது:
துறைமுகக் கிரேன்கள், யாருடையதோ சார்ஜர்,
ஷமால் கிளப்பிய புழுதி கம்பியில் உரசும் சொடக்கு.
அதோடு அவனும் வந்தான்.
'ஸ' என்று ஓர் எழுத்து அவன் மொழியில் இருந்ததே
அப்போதுதான் தெரிந்தது.
நாற்காலி கிறீச்சிட்டது. தாள் புரண்டது.
மைக்கிலிருந்து முகம் திருப்பி
ஒருமுறை மூக்கை உறிஞ்சினான்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
சிக்னல் நான்கு, தெளிவு மூன்று. அவனுக்குச் சளி.

மறுநாள் அதே மணி, அதே அலைவரிசை,
மூக்கு சுத்தமாக இருந்தது.
ஒரே இரவில் எப்படி என்று
காதைச் சாய்த்துக் கேட்டேன்.
மூச்சு இழுக்கும் இடம் வேறு,
தாளைப் புரட்டும் அவசரம் வேறு.
வடிகட்டியை மூன்றுக்குக் குறைத்துப் பார்த்தேன்:
அதே தகரம், அதே ஆள்.
ஆறுக்குத் திறந்தேன்:
இவன் யாரோ.

எட்டு மாதக் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டுகிறேன்.
அவன், அவன், அவன் என்று
எத்தனை பேரை எழுதி வைத்திருக்கிறேன்?