வழியில் இருப்பவர்கள்

தாமுவேயில் கரண்ட் நாலு மணி நேரம் வரும்,
நாலு மணி நேரம் போகும்.
இருக்கும்போது என் கடையில் ஆறு ராஜாக்கள்,
தலைக்கு மணிக்கு ஆயிரம் கியாட்.
போனதும் ஆறு சாம்ராஜ்யமும் ஒரே நொடியில் இருட்டு.
"அக்கா, சேவ் பண்ணலியே!"
எந்தத் தோற்ற மன்னனும் அப்படி அலறியிருக்க மாட்டான்.

மூன்றாம் நாற்காலி பூமிநாதனுடையது.
பள்ளிச் சான்றிதழில் ஔங் சோ.
வயது பத்தொன்பது, கொசுறாக இரண்டு மாதம்.
கருவாட்டுக் கிடங்கு ஒன்றுக்காக
ஒரு மீனவக் குப்பத்தையே கொளுத்தினான் ஒருநாள்.
நான் பார்த்துவிட்டேன்.
"நிஜமில்லக்கா" என்றான்.
சரி, பிறகு ஏன்டா சத்தத்தைக் குறைத்தாய்?
டீக்குக் கடன் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அவன் தலைநகருக்கு வடக்கே ஒரு பாறை.
விறகுக்குப் போனவன் அதில் முட்டி நின்றான்.
நடக்கிறான், முட்டுகிறான், குனிகிறான், நிமிர்கிறான்,
மறுபடி நடக்கிறான்.
பின்னால் வந்தவள் அவன் முதுகில் முட்டினாள், இடுப்பில் குடம்.
அவளுக்குப் பின்னால் ஒரு தச்சன்.
ஆடிக்கூழ் வரிசை மாதிரி பதினேழு பேர்.

கோயிலா என்று கேட்டேன்.
"பக்குக்கா. வழி தெரியாம மாட்டிக்கிட்டாங்க.
கம்பெனிக்காரன் இன்னும் சரி பண்ணல."
சிரித்தான். நானும்தான்.
அன்று சாயங்காலமே பாறைக்கு இரண்டு பக்கமும்
விளக்குக் கம்பம் நட்டிருந்தான்.
மரம் செலவு, எண்ணெய் செலவு,
ஆட்டத்தில் அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.
"இருட்டா இருந்துச்சு" என்றான், நான் கேட்காமலே.

போர் வந்தது. வீட்டுக்கு ஒருவன் என்று முரசறைந்தான்.
எல்லோரும் வந்தார்கள்,
பாறைக்காரர்கள் மட்டும் வரவில்லை.
"வழியில இருக்கறவனைப் படையில சேக்க முடியாதுக்கா.
போய்ச் சேந்தாத்தான் கணக்குல வருவான்."

அந்த வாரம்தான் வார்டு ஆபீசில்
சீட்டுகளை வாளியில் போட்டுக் குலுக்கினார்கள்.
யார் வீட்டுக் குளியல் வாளியோ,
ஓரத்தில் சோப்பு ஒட்டியிருந்தது.

மூன்றாம் நாற்காலி காலி.
அவன் அம்மா தனபாக்கியத்திடம் யார் கேட்டாலும்
"வழியில இருக்கான்."
எந்த வழி என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை.

நேற்று டிஸ்க்கில் இடமில்லை.
அழிப்பதற்காகத்தான் அவன் ராஜ்யத்தைத் திறந்தேன்.
வெண்தாடி மந்திரி பாதித் திரையை மறைத்து நின்றான்:
பாறையைப் பிளந்தால் பதினேழு வீரர்கள் கிடைப்பார்கள், மன்னா.
கீழே யெஸ். பக்கத்தில் நோ.
நோவை அமுக்கினேன்.
குனிந்து வணங்கிவிட்டு மறுபடி கேட்டான்.
நோ.
மறுபடி.
மூன்றாம் மேசை மவுஸ் மட்டும்
ஏன் மாதம் ஒன்று செத்தது என்று இப்போது தெரிந்தது.

தாடிக்குப் பின்னால் அவர்கள் குனிந்துகொண்டிருந்தார்கள்.
எண்ணினேன், இருபத்து மூன்று. மந்திரியிடம் பழைய கணக்கு.
குடத்துக்காரி இன்னும் குடத்தை இறக்கி வைக்கவில்லை.
ஒருத்தராவது அண்ணாந்து பார்த்திருந்தால்
என் முகம்தான் தெரிந்திருக்கும்,
கண்ணாடி போட்டுக்கொண்டு கொட்டாவி விடுகிற முகம்.
நல்லவேளை, பாறையைப் பார்த்தார்கள்.

கரண்ட் போக ஏழு நிமிடம்.
இடத்துக்கு வேறு எதையாவது அழித்தாக வேண்டும்.
வாடிக்கையாளர் பதிவேடு இருந்தது:
பெயர், இன்னொரு பெயர், பிறந்த தேதி, வீட்டு எண்,
அடையாள அட்டையின் இரண்டு பக்கப் படமும்.
வார்டு ஆபீசிலிருந்து கேட்டால் காட்ட வேண்டிய ஃபைல்.
டீக் கடனும் அதில்தான் இருக்கிறது,
மொத்தம் எண்பத்தோராயிரம் வர வேண்டும் எனக்கு.

நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.
ஒரே ஒரு தடவைதான் கேட்டது.
யெஸ்.